பழைய சிறு கமரா வாங்கப் போகிறீர்களா?

நுவரெலியாப் பக்கம் பழைய கமரா வாங்குபவர் முதலில் தேட வேண்டியது மெகாபிக்சலை அல்ல, பூஞ்சணத்தை. ஈரக்காற்றில், அலுமாரிக்குள் உறையோடு கிடந்த கமராவின் வில்லைக்குள் அது சிலந்தி நூல்போல் படர்ந்திருக்கும். கமராவை இயக்கி, வில்லை வெளியே வந்ததும் டோர்ச் வெளிச்சத்தைச் சரிவாகப் பாய்ச்சிப் பாருங்கள். வெண்ணிறக் கிளைகள் தெரிந்தால் விலை பேசவே வேண்டாம். உள்ளே இருப்பதைத் துணியால் துடைக்க முடியாது. கழற்றிச் சுத்தம் செய்யும் கூலியோ பெரும்பாலும் கமராவின் விலையைத் தாண்டிவிடும்.

அடுத்து, ஜூமை முழுதாக நீட்டி ஒரே நிறமான பரப்பைப் படமெடுங்கள். ஹட்டனில் இதற்கு வெள்ளைச் சுவர் தேடி அலைய வேண்டியதில்லை, மூடுபனியே போதும். படத்தில் ஒரே இடத்தில் மீண்டும் மீண்டும் கரும்புள்ளி விழுந்தால், படத்தைப் பதியும் சென்சரில் தூசி இருக்கிறது. ஜூம் நகரும்போது கரகரவென்று சத்தம் கேட்டாலும் விட்டுவிடுங்கள்.

பட்டரி அறையில் பச்சைக் கறை கூடாது. ஏஏ பட்டரியில் இயங்கும் பழைய கெனன் பவர்ஷொட் ஏ வகைகள்தான் என் தெரிவு. தோட்டத்துக் கடையிலும் பட்டரி கிடைக்கும். பழைய ஒலிம்பஸ், பியூஜிபில்ம் கமராக்கள் சிலவற்றுக்குப் படங்களைச் சேமிக்க எக்ஸ்டி (xD) என்ற நினைவக அட்டை தேவை. அது இப்போது தயாரிக்கப்படுவதில்லை. 2 ஜிபிக்கு மேல் கொள்ளும் எஸ்டிஎச்சி (SDHC) அட்டை 2006இல்தான் வந்தது. எஸ்டி அட்டை போடும், அதற்கு முந்திய கமராக்களில் பொதுவாக 2 ஜிபி வரையிலான எஸ்டி அட்டையே வேலை செய்யும்.

எட்டு மெகாபிக்சல் இருந்தால் ஏ4 தாளில் அச்சிடத் தாராளம்.