ஐப்பசியில் கரையும் கல்: நைட்ரஜன் கனிமம் சேர்ப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

"அண்ணா, கல்லைக் காணோம். தண்ணிதான் இருக்கு."

ஐப்பசி அடைமழையில் நனைந்துகொண்டே வந்த தம்பி, பிளாஸ்டிக் டப்பாவைத் திறந்து காட்டினார். அடியில் இரண்டு கரண்டி அளவுக்குக் கலங்கல் நீர். அதில் மை கரைந்த காகிதத் துண்டு ஒன்று ஊறிக் கிடந்தது. சிலி நாட்டு அட்டகாமா பாலைவனத்து நைட்ரேட் கல் அது. நான்கு மாதம் காசு சேர்த்து வாங்கியிருந்தார். பல வருடங்களுக்கு முன் நானும் இதே போல ஒரு டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருக்கிறேன். அதனால்தான் இதை எழுதுகிறேன். நைட்ரேட் கல்லைக் குழாயடியில் கழுவாதீர்கள் என்பதையெல்லாம் சொல்லப் போவதில்லை. உப்பு என்று தெரிந்தவர் யாரும் அதைச் செய்ய மாட்டார்.

நைட்ரஜன் என்றால் நைட்ரேட் மட்டும்தான் என்று நினைப்பது

நாம் மூச்சிழுக்கும் காற்றில் 78 விழுக்காடு நைட்ரஜன். ஆனால் பாறைக்குள் அது மிக அரிது. இரண்டு நைட்ரஜன் அணுக்களும் மும்மைப் பிணைப்பில் இறுகிக் கிடப்பதால் லேசில் வேறு எதனோடும் சேராது. அப்படியே சேர்ந்து உப்பானாலும் ஒரு மழை போதும், கரைத்துக்கொண்டு போய்விடும். ஆகவே நைட்ரேட் கனிமங்கள் நிலைப்பது பாலைவனத்திலும் உலர்ந்த குகைகளிலும்தான்.

நைட்ரஜனுக்கு வேறு முகங்களும் உண்டு. நைட்ரஜனும் ஹைட்ரஜனும் சேர்ந்த அம்மோனியம் அயனி கிட்டத்தட்ட பொட்டாசியம் அயனியின் அளவு இருக்கும். அதனால் ஃபெல்ட்ஸ்பார், மைக்கா போன்ற சாதாரணப் பாறைக் கனிமங்களில் பொட்டாசியத்தின் இடத்தில் போய் உட்கார்ந்துவிடும். கலிபோர்னியாவின் சல்ஃபர் பேங்க் பாதரசச் சுரங்கத்திலிருந்து 1964இல் விவரிக்கப்பட்ட படிங்டனைட் அப்படிப்பட்ட ஃபெல்ட்ஸ்பார். பார்த்தால் சாதாரணக் கல். இன்னொரு முகம் நைட்ரைடு, அதாவது உலோகத்தோடு நைட்ரஜன் நேராகச் சேர்ந்தது. 1852இல் உத்தரப் பிரதேசத்தின் பஸ்தி பகுதியில் விழுந்த விண்கல்லில்தான் டைட்டானியம் நைட்ரைடான ஆஸ்போர்னைட் முதலில் கண்டறியப்பட்டது. உங்கள் கையில் இருப்பது இதில் எந்த வகை என்று தெரியாமல் பெட்டி வாங்கக் கிளம்பாதீர்கள்.

காற்றில் இருக்கும் ஈரத்தைக் கணக்கில் எடுக்காதது

என்னை இன்றும் எரிச்சல்படுத்தும் தவறு இதுதான். தண்ணீர் பட்டால் கரையும் என்று எல்லோருக்கும் தெரிகிறது. தண்ணீரே படாமல் கரையும் என்பது தெரிவதில்லை.

மழைக்காலத்தில் அடுப்படி உப்பு ஜாடி நசநசத்துப் போவதைப் பார்த்திருப்பீர்கள். காற்றின் ஈரப்பதம் ஓர் எல்லையைத் தாண்டியதும் உப்பு காற்றிலிருந்தே நீரை இழுத்து, அந்த நீரிலேயே கரையத் தொடங்கும். சாப்பாட்டு உப்புக்கு அந்த எல்லை சுமார் 75 விழுக்காடு. சோடியம் நைட்ரேட் கனிமமான நைட்ராட்டினுக்குச் சுமார் 74. வெடியுப்பு என்று நாம் சொல்லும் பொட்டாசியம் நைட்ரேட்டுக்கு 90க்கும் மேல். வடகிழக்குப் பருவமழையில் சென்னைக் காற்று 80ஐத் தாண்டுவது சாதாரணம். அதாவது வெடியுப்பு பிழைத்துக்கொள்ளும், நைட்ராட்டின் பிழைக்காது.

இதைவிட மோசமான விஷயம் ஒன்று உண்டு. அட்டகாமா கல் தனி நைட்ராட்டின் அல்ல. சாப்பாட்டு உப்பு, சல்ஃபேட்டுகள், அயோடேட்டுகள் எல்லாம் கலந்த கட்டி அது. அங்கே அதைக் கலிச்சே என்பார்கள். உப்புகள் கலந்தால் எல்லை இன்னும் கீழே இறங்கும். சோடியம் நைட்ரேட்டும் சாப்பாட்டு உப்பும் சேர்ந்திருந்தால் 68 விழுக்காட்டிலேயே கசிய ஆரம்பித்துவிடும். தம்பியின் கல் புரட்டாசியிலேயே வியர்க்கத் தொடங்கியிருக்கும், அவர் கவனிக்கவில்லை.

"சிலிக்கா ஜெல் போட்டிருந்தேனே அண்ணா" என்றார். செருப்புப் பெட்டியோடு வந்த பொட்டலம், மூடி சரியாகப் பொருந்தாத டப்பா. அந்தப் பொட்டலம் ஒரு வாரத்தில் குடிக்க முடிந்ததையெல்லாம் குடித்து முடித்திருக்கும். அதற்குப் பிறகு அது டப்பாவுக்குள் கிடக்கும் இன்னொரு பொருள், அவ்வளவுதான்.

நான் செய்த தவறு வேறு. ஏசி அறையில் வைத்திருந்தேன். ஏசி ஓடும்வரை ஒன்றும் ஆகவில்லை. நண்பர்களுக்குக் காட்டக் குளிர்ந்த கல்லை வெளியே எடுத்து வந்தேன். குளிர்ந்த நீர் ஊற்றிய டம்ளரின் வெளிப்புறம் முத்து முத்தாக வேர்க்குமே, அதே போலக் கல்லின் மேல் நீர் கோத்தது. துடைத்துவிட்டுத் திரும்ப வைத்தேன். நாலைந்து முறை இப்படி நடந்ததில் படிக முனைகள் எல்லாம் சப்பிய கற்கண்டு போல மழுங்கிவிட்டன. ஒரு மழை நாளில் மின்சாரம் போனபோது மிச்சமும் போனது.

"காயவைத்தால் மறுபடியும் கல்லாகிவிடும் இல்லையா?" என்று தம்பி கேட்டார். உப்பு கிடைக்கும், அந்தக் கல் கிடைக்காது. பாலைவனம் நெடுங்காலம் அடுக்கிய அடுக்கு அது; நம் தட்டில் காய்வது வெறும் வெள்ளைப் பொருக்கு. கல்லோடு லேபிளும் போயிற்று. எந்த ஊர், எந்தச் சுரங்கம் என்று தெரியாத கனிமத்தை ஆய்வுக்கும் கொடுக்க முடியாது, மாற்றிக்கொள்ளவும் முடியாது. எனக்குக் கல்லைவிட அதுதான் பெரிய நஷ்டம்.

இப்போது நான் செய்வது: ரப்பர் வளையம் வைத்த மூடியுள்ள கண்ணாடி ஜாடி. அடியில் நிறம் மாறும் சிலிக்கா ஜெல், அதன் மேல் சிறு கண்ணாடிக் கிண்ணத்தில் கல். நிறம் மாறியதும் ஜெல்லை எடுத்து வாணலியில் மிதமான சூட்டில் வறுத்து, ஆறியபின் திரும்பப் போடுகிறேன். லேபிள் ஜாடிக்கு வெளியே. அதே விவரம் நோட்டிலும் பென்சிலில் இருக்கும். வாங்கிய அன்றே எடை போட்டுக் குறித்துக்கொள்வேன். ஈரம் கண்ணுக்குத் தெரியும் முன்பே தராசுக்குத் தெரிந்துவிடும். அரை கிராம் கூடினாலும் ஜாடியை மாற்ற வேண்டும் என்று அர்த்தம்.

கல்லுக்குக் கீழே பஞ்சு வைக்காதீர்கள். கசியும் நைட்ரேட்டைப் பஞ்சு உறிஞ்சிக் காய்ந்தால் அது திரிதான். பட்டாசுத் திரி வேகமாக எரிவது வெடியுப்பால் என்பதை நினைவில் வையுங்கள்.

எல்லாவற்றையும் ஒரே உலர் ஜாடியில் போடுவது

மேலே சொன்னதைப் படித்துவிட்டு ஸ்ட்ரூவைட்டையும் சிலிக்கா ஜெல்லோடு அடைத்துவிடாதீர்கள். அது மக்னீசியம் அம்மோனியம் பாஸ்ஃபேட். ஆறு மூலக்கூறு நீர் அதன் உடம்பிலேயே இருக்கிறது. வறண்ட காற்றில் நீரும் அம்மோனியாவும் வெளியேறி, கண்ணாடி போன்ற படிகம் சுண்ணாம்பாக வெளுத்துப் பொடியும். அதற்குத் தனி டப்பா, ஜெல் வேண்டாம், வெயில் படாத இடம்.

கால்சைட்டை நைட்ராட்டின் என்று வாங்குவது

இரண்டுக்கும் படிக அமைப்பு ஒன்றுதான், சாய்சதுரமாகவே உடையும். ஒரு விற்பனையாளர் எனக்கே மாற்றிக் கொடுத்தார். நகத்தால் கீறிப் பாருங்கள். நைட்ராட்டினில் கீறல் விழும், கால்சைட்டில் விழாது. ஊசிமுனைத் துகளை நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் போட்டால் கால்சைட் நுரைக்கும்.

சுவரில் பூத்த உப்பெல்லாம் வெடியுப்பு என்பது

பெரும்பாலும் இல்லை. நைட்ரேட் இருக்கிறதா என்று காட்டும், பிளஸ் டூவில் செய்த பழுப்பு வளையச் சோதனையைச் செய்துவிட்டு லேபிள் எழுதுங்கள்.

அட்டகாமா நைட்ரேட் பறவை எச்சம் என்பது

எச்சக் குவியல் பெரு நாட்டுச் சின்சா தீவுகளில். பாலைவன நைட்ரேட்டின் ஆக்சிஜன் ஐசோடோப்புகளை, அதாவது எடை வேறுபட்ட ஆக்சிஜன் அணுக்களைப் பார்த்தால், பெரும்பகுதி வளிமண்டலத்தில் உருவாகிக் கீழே படிந்தது என்று தெரிகிறது. மழை இல்லாததால் தங்கிவிட்டது.

மஞ்சள், ஆரஞ்சுத் துகள்களைக் கையால் தொடுவது

அட்டகாமா கல்லில் அவை குரோமேட் என்னும் நச்சு உப்பாக இருக்கலாம். கையுறை போடுங்கள்.

பழைய லேபிளைத் திருத்துவது

19ஆம் நூற்றாண்டு லேபிளில் "தாராபகா, பெரு" என்று இருந்தால் அடித்துவிட்டுச் சிலி என்று எழுதாதீர்கள். 1879 முதல் 1883 வரை இந்த நைட்ரேட்டுக்காகவும் சிலி, பெருவோடும் பொலிவியாவோடும் நடத்திய பசிபிக் போருக்கு முன் தாராபகா பெருவிடமும் அந்தோபகஸ்தா பொலிவியாவிடமும் இருந்தன. அந்த லேபிள் தப்பல்ல, கல் வெட்டப்பட்ட காலத்துக்கு அதுதான் சாட்சி. பழையதை அப்படியே ஓர் உறையில் போட்டு, இன்றைய பெயரைத் தனித்தாளில் எழுதிக் கூட வையுங்கள்.