ஆபத்தான சாலைச் சந்திப்பைக் கவுண்டி அரசின் கணக்கேட்டுக்குள் கொண்டு வருவது எப்படி?

அமெரிக்காவில் சாலைச் சந்திப்பு ஒன்றில் விபத்து நடந்த அடுத்த வாரமே முந்நூறு பேர் கையெழுத்திட்ட மனு கவுண்டி (மாநிலத்துக்குள் மாவட்டம் போன்ற உள்ளாட்சிப் பகுதி) அலுவலகத்துக்குப் போகும். ஓராண்டு கழித்துப் பார்த்தால் அங்கே ஒரு பலகைகூட மாறியிருக்காது. பெரும்பாலும் இதற்குக் காரணம் அலட்சியம் அன்று. அந்தச் சாலை யாருடையது, எந்தத் திட்டத்தின் கீழ் வருகிறது, எந்த ஆண்டின் பணத்தைக் கேட்கிறோம் என்ற மூன்றுக்கும் மனுவில் விடை இருப்பதில்லை. அமெரிக்காவில் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட கவுண்டிகள் இருப்பதாலும், அவற்றின் நடைமுறை மாநிலத்துக்கு மாநிலம் மாறுவதாலும், மேரிலாந்து மாநிலத்தின் மாண்ட்கமரி கவுண்டியை எடுத்துக்காட்டாக வைத்துக்கொண்டு வழிமுறையைச் சொல்கிறேன்.

முதலில் சாலையின் உரிமையாளரைக் கண்டுபிடியுங்கள். வட கரோலினாவில் கவுண்டிகள் சாலைகளைப் பராமரிப்பதே இல்லை. அந்தப் பொறுப்பு மாநிலத்தினுடையது. வர்ஜீனியாவிலும் ஆர்லிங்டன், ஹென்ரைக்கோ ஆகிய இரண்டைத் தவிர ஏனைய கவுண்டிகளின் சாலைகளை மாநிலப் போக்குவரத்துத் துறையே பார்த்துக்கொள்கிறது. மாண்ட்கமரியில் குடியிருப்புத் தெருக்கள் கவுண்டியைச் சேர்ந்தவை. ஆனால் ஜார்ஜியா அவென்யூ, ராக்வில் பைக் போன்ற அகலமான, வேகமான சாலைகள் மாநில நெடுஞ்சாலைகள். அவற்றில் ஒரு கடப்பு (நடப்பவர்கள் சாலையைக் கடக்கும் இடம்) வேண்டுமென்று கவுண்டி மன்ற உறுப்பினரிடம் கேட்டால், அவர் மாநிலத்துக்குக் கடிதம் எழுதலாமே தவிர வேலையைத் தொடங்கச் சொல்ல முடியாது. இதை அறியாமல் ஓராண்டை இழந்தவர்கள் பலர்.

அடுத்தது சான்று. 'இங்கே அடிக்கடி விபத்து நடக்கிறது' என்ற வாக்கியத்தால் பொறியாளருக்குப் பயனில்லை. காவல் துறை பதிவுசெய்த விபத்துகளின் விவரங்களை மாண்ட்கமரி தன் திறந்த தரவுத் தளத்தில் வெளியிடுகிறது. அதிலிருந்து உங்கள் சந்திப்பின் பதிவுகளை மட்டும் பிரித்தெடுத்து, நேரம், வெளிச்சம், வாகனம் திரும்பிய திசை ஆகியவற்றை அட்டவணைப்படுத்துங்கள். இருட்டிய பிறகு இடப்புறம் திரும்பும் வண்டிகளே நடப்பவர்களை இடிக்கின்றன என்று தெரியவந்தால், பாதித் தீர்வு அந்த அட்டவணையிலேயே இருக்கிறது. பதிவாகாத, நூலிழையில் தப்பிய நிகழ்வுகளையும் தேதியோடு தனியே குறித்து வையுங்கள். இரண்டையும் கலந்துவிட்டால் நம்பகத்தன்மை போய்விடும்.

கேட்கும்போது தீர்வின் பெயரை நீங்களே முடிவு செய்துவிடாதீர்கள். பெரும்பாலோர் 'ஸ்டாப்' பலகை அல்லது சிக்னல் வேண்டும் என்கிறார்கள். போக்குவரத்துப் பலகைகளுக்கும் சிக்னல்களுக்குமான மத்திய அரசின் கையேடு (இதன் 11ஆம் பதிப்பு 2023 டிசம்பரில் வெளிவந்தது) வேகத்தைக் கட்டுப்படுத்துவதற்காக ஸ்டாப் பலகை வைக்கக் கூடாது என்கிறது. சிக்னலுக்கு ஒன்பது வகைத் தகுதிநிலைகளை வகுத்து, அவற்றில் எதுவும் பொருந்தாத இடத்தில் சிக்னல் கூடாது என்கிறது. ஆகவே 'பாதுகாப்பு ஆய்வு செய்து தக்க மாற்றத்தைப் பரிந்துரையுங்கள்' என்று கேட்பதே சரி. இரு பக்கம் மட்டும் ஸ்டாப் உள்ள சந்திப்பை ரவுண்டானாவாக மாற்றினால், உயிரிழப்பும் காயமும் நேரும் விபத்துகள் 82 சதவீதம் வரை குறைவதாக மத்திய நெடுஞ்சாலை நிர்வாகம் கூறுகிறது. சாலை நடுவில் நடப்பவர் நின்று கடக்கும் திட்டு அமைத்தால் பாதசாரி விபத்துகள் 56 சதவீதம் வரை குறைகின்றன. திட்டுக்கு ஆகும் செலவு ரவுண்டானாவுக்கு ஆவதில் சிறு பங்கே.

இனிப் பணத்துக்கு வருவோம். காரியம் கெடுவது பெரும்பாலும் இங்கேதான். கவுண்டிக்கு இரண்டு பட்ஜெட்டுகள் உண்டு. சம்பளம், பள்ளி, காவல், பனி அகற்றல் போன்றவை நடப்புச் செலவு பட்ஜெட்டில் வருகின்றன. மாண்ட்கமரியில் இதில் ஏறத்தாழ பாதி பொதுப் பள்ளிகளுக்கே போய்விடும். சாலை, பாலம், நடைபாதை ஆகியவை பெரும்பாலும் கடன் பத்திரங்கள் மூலம் பணம் திரட்டப்படும் ஆறாண்டு மூலதனத் திட்டத்தில் வருகின்றன. நிதியாண்டு ஜூலை 1இல் தொடங்குகிறது. கவுண்டியின் நிர்வாகத் தலைவர் மூலதனத் திட்டத்தை ஜனவரி 15க்குள்ளும், நடப்புச் செலவு பட்ஜெட்டை மார்ச் 15க்குள்ளும் மன்றத்திடம் ஒப்படைக்க வேண்டும். மன்றம் ஜூன் 1க்குள் முடிவெடுக்க வேண்டும். முழு மூலதனத் திட்டம் இரட்டைப்படை ஆண்டுகளில் வரும். ஒற்றைப்படை ஆண்டுகளில் திருத்தங்கள் மட்டுமே. ஏப்ரல் மாதக் கூட்டத்தில் உருக்கமாகப் பேசி நடைபாதை கேட்பவர், பெரும்பாலும் கதவு பாதி மூடிய பின் வந்தவர். போக்குவரத்துத் துறை தன் பட்டியலைத் தயாரிக்கும் முந்தைய கோடையிலும் இலையுதிர் காலத்திலுமே அவர் வந்திருக்க வேண்டும்.

மூலதனத் திட்டத்தில் ஒவ்வொரு பணிக்கும் ஒரு தாள் இருக்கும். இடப்புறம் வடிவமைப்பு, நிலம், கட்டுமானம் என்று செலவு வகைகள், மேலே நிதியாண்டுகள், கடைசியில் 'ஆறாண்டுகளுக்கு அப்பால்' என்றொரு பத்தி. அந்தக் கடைசிப் பத்தியில் மட்டும் தொகை இருந்தால், மரியாதையாக இல்லையென்று சொல்லியிருக்கிறார்கள் என்று பொருள். சிறு பணிக்குப் புதிய தாள் கேட்டு மல்லுக்கட்டுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். பாதசாரிப் பாதுகாப்பு, சந்திப்பு மேம்பாடு, சிறு நடைபாதைகள் என்று ஆண்டுதோறும் பணம் ஒதுக்கப்படும் பொதுத் தலைப்புகள் ஏற்கெனவே உள்ளன. உங்கள் சந்திப்பை அவற்றின் பணிப் பட்டியலில் சேர்க்கக் கேட்பது எளிது, விரைவும்கூட.

நகரமைப்புத் திட்டத்தையும் விட்டுவிட வேண்டாம். 2023இல் ஏற்கப்பட்ட பாதசாரிகளுக்கான முதன்மைத் திட்டத்திலோ உங்கள் பகுதிக்கான திட்டத்திலோ அந்தத் தெரு இடம்பெற்றிருந்தால், அந்தப் பக்க எண்ணை மனுவில் குறிப்பிடுங்கள். 'ஏற்கெனவே நீங்கள் ஒப்புக்கொண்டது' என்ற வாதத்துக்கு எடை அதிகம். அருகில் பெரிய குடியிருப்பு வளாகம் வரவிருந்தால், அதற்கான அனுமதி விசாரணையில் நடைபாதையையும் கடப்பையும் கட்டுநர் செலவிலேயே அமைக்க நிபந்தனை விதிக்கும்படி கோரலாம்.

கவுண்டிகள் மத்திய அரசிடம் நேரடியாகவும் பணம் கேட்கலாம். 2021ஆம் ஆண்டின் உட்கட்டமைப்புச் சட்டம், பாதுகாப்பான தெருக்களுக்கென 2022 முதல் 2026 வரை 500 கோடி டாலர் ஒதுக்கியது. 20 சதவீதத்தை உள்ளூர்ப் பங்காகப் போட வேண்டும், கட்டுமான நிதிக்குத் தகுதியான பாதுகாப்புச் செயல்திட்டம் கையில் இருக்க வேண்டும். சாலை மரணங்களை முற்றிலும் ஒழிப்பது என்ற இலக்கை மாண்ட்கமரி 2016இலேயே ஏற்றதால் அதனிடம் அத்தகைய திட்டம் உண்டு. உங்கள் கவுண்டியிடம் இல்லையென்றால், அதைத் தயாரிக்கச் சொல்வதே முதல் கோரிக்கை.

மூலதனத் திட்டம் பற்றிய பொது விசாரணை வழக்கமாகப் பிப்ரவரியில் நடக்கும். முன்பதிவு செய்தவருக்கு ஓரிரு நிமிடங்களே கிடைக்கும். ஒலிவாங்கிக்கு எதிரே கடிகாரம் இறங்கிக்கொண்டே வரும். முதல் வாக்கியத்திலேயே சந்திப்பின் பெயரையும், எந்தத் தலைப்பின் கீழ், எந்த நிதியாண்டில் பணம் கேட்கிறீர்கள் என்பதையும் சொல்லிவிடுங்கள். அட்டவணையை எழுத்து வடிவில் கொடுங்கள். அதன்பின் மன்றத்தின் போக்குவரத்துக் குழுக் கூட்டங்களைத் தவறாமல் கவனியுங்கள். மே இறுதியில் மன்றம் வாக்களித்ததும் அந்தத் தலைப்புக்கான தாளைத் திறந்து தொகை குறைந்திருக்கிறதா என்று பாருங்கள். அடுத்த வாரமே துறைக்கு எழுதி, புதிய பணிப் பட்டியலில் உங்கள் சந்திப்பு எத்தனையாவது இடத்தில் இருக்கிறது என்று கேளுங்கள்.