மாலத்தீவு: அறையைப் பார்த்துத் தீவை முடிவு செய்யாதீர்கள்

மாலத்தீவுக்குப் போக ஆசைப்படுபவர்கள் முதலில் மயங்குவது, தண்ணீருக்கு மேல் நிற்கும் வில்லாவின் படத்தைப் பார்த்துத்தான். ஆனால் அங்கே பெரும்பாலும் ஒரு தீவு முழுக்க ஒரே ரிசார்ட். சாப்பாடு பிடிக்கவில்லை, கடல் சரியில்லை என்றால் பக்கத்துத் தெருவுக்குப் போக வழியில்லை. அதனால் முதலில் தீவைப் பாருங்கள், அறையை அப்புறம் பார்க்கலாம்.

நாங்கள் சறுக்கியது விமான நேரத்தில். தூரத் தீவுகளின் ரிசார்ட்டுகளுக்குக் கூட்டிப்போகும், தண்ணீரில் இறங்கும் கடல் விமானம் பகல் வெளிச்சத்தில் மட்டும்தான் பறக்கும். நாங்கள் மாலேயில் இறங்கும்போது மாலை ஐந்தரை. அன்றிரவு விமான நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கும் ஹுல்ஹுமாலே தீவில் ஒரு சாதாரண ஓட்டலில் தங்கினோம். ரிசார்ட்டுக்குக் கட்டியிருந்த முதல் இரவுப் பணம் வீணானது. மாலையில் இறங்கும் விமானம்தான் கிடைக்கிறது என்றால், ஸ்பீட்போட்டில் போகக்கூடிய வடக்கு மாலே, தெற்கு மாலே அட்டோல்களில் (வளையம் போன்ற பவளத் தீவுக் கூட்டங்களில்) தேடுங்கள்.

அறை வாடகையை மட்டும் வைத்துக் கணக்குப் போடுவதும் தவறு. கடல் விமானத்துக்கு ஆளுக்குப் பல நூறு டாலர் ஆகும். 2025 ஜூலையிலிருந்து சுற்றுலா சேவை வரி 17 சதவீதம். பசுமை வரி, ரிசார்ட்டில் ஆளுக்கு ஓர் இரவுக்கு 12 டாலர். போதாததற்குச் சேவைக் கட்டணம் வேறு. எல்லாம் சேர்த்த தொகையை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

பலர் கேட்க மறப்பது கடலைப் பற்றி. தண்ணீர் வில்லாக்களைப் பெரும்பாலும் ஆழமில்லாத மணல் களப்பில்தான் கட்டுகிறார்கள். படியில் இறங்கினால் தண்ணீர் பளிங்கு மாதிரி இருக்கும், அடியில் வெறும் மணல். நீந்தவும் குழந்தைகள் விளையாடவும் அது அருமை. மீன்களைப் பார்க்க வேண்டும் என்றால் பவளத்திட்டு கரைக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். செயற்கைக்கோள் படத்தில் தீவைப் பெரிதாக்கிப் பாருங்கள். வெளிர்நீலம் சட்டென்று கருநீலமாக மாறும் விளிம்புதான் பவளத்திட்டின் சரிவு. அது கரையை எவ்வளவு நெருங்குகிறதோ அவ்வளவு நல்லது. 2016இல் கடல் சூடேறி ஏராளமான பவளம் வெளுத்துப்போனது, அதனால் பழைய படங்களை நம்பாமல், அண்மையில் போய் வந்தவர்கள் தண்ணீருக்கடியில் எடுத்த படங்களைத் தேடுங்கள்.

பருவமும் தீவோடு சேர்ந்ததுதான். டிசம்பர் முதல் ஏப்ரல் வரை வறண்ட காலம், விலையும் உச்சத்தில் இருக்கும். மே முதல் தென்மேற்குப் பருவக்காற்று. சூரிய அஸ்தமனம் தெரியும் என்று கூடுதல் பணம் வாங்கும் மேற்குப் பக்க வில்லாக்கள்தான் அப்போது காற்றையும் அலையையும் நேராக வாங்கும். ஆனால் பா அட்டோலின் ஹனிஃபாரு விரிகுடாவில் மாந்தா திருக்கைகள் கூட்டமாக இரை தேடி வருவதும் அந்த மாதங்களில்தான். அவற்றுக்காகவே போகிறவர்கள் ஜனவரியில் அங்கே அறை போட வேண்டாம். திமிங்கலச் சுறாவைப் பார்க்க ஆசை என்றால் தெற்கு ஆரி அட்டோல்; அங்கே ஆண்டு முழுவதும் வாய்ப்பு உண்டு.

குழந்தைகளோடு போகிறவர்கள், தண்ணீர் வில்லாவுக்கு வயது வரம்பு இருக்கிறதா என்பதைப் பணம் கட்டும் முன்பே கேட்டுவிடுங்கள்.