அறையை அளந்த பிறகு வகுப்புக்குப் போங்கள்

கைவினை வகுப்புக்குப் போகிற பலர், அங்கே எது சொல்லித் தருகிறார்களோ அதையெல்லாம் செய்து வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டு, பிறகுதான் வைக்க இடம் தேடுவார்கள். துணிப்பூவும் சுவர்த்தொங்கலும் அலுமாரிக்கு மேலே தூசி பிடித்துக் கிடக்கும். வீட்டுக்கு என்ன வேண்டும் என்று முதலில் எழுதுங்கள். அதற்கு எந்தக் கைவேலை தெரிய வேண்டுமோ, அந்த வகுப்புக்கு மட்டும் காசு கட்டுங்கள்.

ஒரே ஒரு அறையை எடுங்கள். முழு வீட்டையும் ஒன்றாகத் தொட்டால் எதுவும் முடியாது. சுவர்களின் நீளம், உயரம், யன்னலின் அகலம், யன்னல் மேல்விளிம்பிலிருந்து அடிக்கட்டு வரை எத்தனை அங்குலம், சுவிச்சும் பிளக்கும் எங்கே என்று கொப்பியில் படம் போட்டுக் குறியுங்கள். ஈரம் ஊறும் இடத்தையும், கச்சான் காற்று நேரே அடிக்கும் யன்னலையும் தனியாக அடையாளம் வையுங்கள். திருகோணமலையில் அலங்காரம் எவ்வளவு நாள் தாங்கும் என்பதை உப்புக்காற்றும் மழையும்தான் முடிவு செய்கின்றன.

அடுத்து மூன்று பட்டியல்: நானே செய்யக்கூடியது, வாங்க வேண்டியது, இருப்பதைத் திருத்தினால் போதுமானது. மூன்றாவது பட்டியல்தான் நீளமாக வரவேண்டும். வராவிட்டால் வீட்டை இன்னும் சரியாகப் பார்க்கவில்லை.

கையில் 40,000 ரூபா இருக்கிறது என்று வைப்போம். சுவருக்கு 18,000, துணிக்கு 10,000, வகுப்புக்கும் அதன் பொருட்களுக்கும் 6,000, கொளுக்கி, ஆணி, கம்பிக்கு 2,000 என்று பிரியுங்கள். மீதி 4,000 ரூபாவைத் தொடவே கூடாது. சுவரைச் சுரண்டும்போது புதிதாக ஒரு வெடிப்பு தெரியவரும். அந்தக் காசு அதற்கு.

வகுப்பைத் தேடும்போது முதலில் உங்கள் பிரதேச செயலகத்துக்குப் போங்கள். நகரத்தில் இருப்பவர்களுக்கு அது பட்டினமும் சூழலும் பிரதேச செயலகம். பெண்கள் அபிவிருத்தி உத்தியோகத்தரிடமும், சிறு தொழில் செய்வோருக்குத் தொழில்நுட்பம் சொல்லித் தரும் அரசின் விதாதா வள நிலையத்திலும் நடக்கப்போகும் பயிற்சிகளைக் கேட்கலாம். அரச தொழிற்பயிற்சி நிலையங்களின் தையல் பாடநெறிகள் தேசிய தொழிற் தகைமைச் சான்றிதழுக்கானவை, மாதக்கணக்கில் ஓடும். தொழிலாகச் செய்ய நினைப்பவருக்கு அது சரி. யன்னல் சீலை தைக்க மட்டும் நினைப்பவருக்கு, வீட்டில் வைத்துச் சொல்லிக் கொடுக்கும் தையல்காரரிடம் சில சனிக்கிழமைகள் போதும்.

காசு கட்ட முன்னர் கேட்க வேண்டியவை: துணியும் நூலும் கட்டணத்துக்குள் அடங்குமா? ஆளுக்கொரு மெசினா, இல்லை மூன்று பேருக்கு ஒன்றா? செய்த பொருளை வீட்டுக்குக் கொண்டுபோகலாமா? என் வீட்டு அளவுக்கே தைத்துப் பழகலாமா? கடைசிக் கேள்விக்கு "இல்லை" என்றால் வேறு இடம் பாருங்கள். மாதிரித் துண்டில் மட்டும் பழகினால், கற்ற பிறகு துணியைத் திரும்பவும் காசு கொடுத்து வாங்க வேண்டும்.

சுவர்

எதைத் தொங்கவிட முன்னரும் சுவர் சரியாக இருக்க வேண்டும். இங்கே பெரிய தொல்லை உப்புப் பூத்தல். சரியாகக் கழுவாத மணலோ உவர்த்தண்ணீரோ சாந்தில் போயிருந்தால், சுவருக்குள் ஊறும் ஈரம் உப்பைக் கரைத்து வெளியே கொண்டுவரும். ஈரம் காய, பெயின்ற்றுக்கு அடியில் உப்பு கட்டியாகி அதைத் தள்ளும். மேலே எத்தனை தரம் பூசினாலும் அதே இடம்தான் உரியும்.

சோதிப்பது சுலபம். ஓரடிச் சதுரப் பொலித்தீன் ஒன்றை நான்கு பக்கமும் ரேப் போட்டுச் சுவரில் ஒட்டி 24 மணித்தியாலம் விடுங்கள். சுவரைத் தொடும் பக்கத்தில் நீர் கோத்திருந்தால் ஈரம் சுவருக்குள்ளே இருந்து வருகிறது. வெளிப்பக்கத்தில் மட்டும் என்றால் அது காற்றின் ஈரம். உள்ளே இருந்து வந்தால் குளியலறைக் குழாய், பீலி, சுவரோடு அணைத்துப் போட்ட பூக்கன்று மண் மூன்றையும் பாருங்கள். காரணத்தை நிறுத்தாமல் பெயின்ற் வாங்காதீர்கள். பூத்த உப்பைத் தண்ணீர் விட்டுக் கழுவவும் கூடாது. கரைந்து திரும்ப உள்ளே போகும். காய்ந்த விறைப்பான தூரிகையால் தேய்த்து, விழுவதைக் கடதாசியில் ஏந்தி வெளியே கொட்டுங்கள்.

அளவுக்கு ஒரு கணக்கு. 12 அடிக்கு 10 அடி அறை, உயரம் 10 அடி. சுற்றளவு 44 அடி, ஆகவே சுவர் 440 சதுர அடி. கதவு ஒன்றும் (3×7) யன்னல் இரண்டும் (4×4) போக 387. இரண்டு பூச்சுக்கு 774 சதுர அடி. பூசிய சுவரில் ஒரு லீற்றர் எமல்ஷன் ஒரு பூச்சுக்கு ஏறத்தாழ 100 சதுர அடி பிடிக்கும் என்று வையுங்கள். எட்டு லீற்றர், அதாவது 4 லீற்றர் ரின் இரண்டு. அடியில் பூசும் சீலர் 4 லீற்றர் ரின் ஒன்று. கடையில் நிறம் கலந்து தந்த ரின்கள் என்றால் இரண்டையும் ஒரே வாளியில் ஊற்றிக் கலந்துதான் தொடங்க வேண்டும். இல்லாவிட்டால் பாதிச் சுவரில் நிறம் மாறும்.

முதல் பூச்சில் பத்தில் ஒரு பங்கு குழாய்த் தண்ணீர் சேர்க்கலாம். உவர்க் கிணற்றுத் தண்ணீர் வேண்டாம். அடுத்த பூச்சுக்கு நான்கு மணித்தியாலம் பொறுங்கள். ஐப்பசி முதல் தை வரையுள்ள மழையில் இந்த வேலையே வேண்டாம். கச்சான் அடிக்கும் மாதங்களில் காலையில் வெள்ளனத் தொடங்கி, காற்று எழும்ப முன்னர் முடியுங்கள். சூட்டுக் காற்றில் பெயின்ற் உடனே காய்வதால் ரோலர் போன கோடுகள் தெரியும், புழுதியும் ஒட்டும். மூன்றடி அகலப் பட்டையாக மேலிருந்து கீழே இழுத்து, அது காய முன்னர் அடுத்த பட்டையைத் தொட்டுக்கொண்டு போனால் கோடு விழாது.

யன்னல் சீலை

தையல் வகுப்பின் செலவு முதலில் திரும்பி வருவது இங்கேதான். யன்னல் 4 அடி அகலம், 4 அடி உயரம் என்றால் கம்பி 5 அடி. துணி அகலம் கம்பியின் இருமடங்கு, 120 அங்குலம். 45 அங்குல அகலத் துணியில் மூன்று துண்டு வேண்டும். ஒன்றை நீளவாட்டில் இரண்டாக வெட்டி மற்ற இரண்டோடும் பொருத்த வேண்டும். யன்னலுக்கு மேலே 6 அங்குலம், கீழே 6 அங்குலம் சேர்த்தால் நீளம் 60. மேல் மடிப்புக்கு 4, அடி மடிப்புக்கு 6. மொத்தம் 70. புதுப் பருத்தி சுருங்குவதற்கு நூற்றுக்கு 5 சேர்த்தால் மூன்று துண்டுக்கும் ஏறத்தாழ 5.6 மீற்றர். 5¾ மீற்றர் வாங்கி, இரவு முழுக்க ஊறவைத்து, நிழலில் காயவைத்து, அயர்ன் பண்ணிய பிறகுதான் கத்தரிக்கோலை எடுக்க வேண்டும். பெரிய பூப்போட்ட துணி என்றால் பூக்களை ஒரே உயரத்தில் பொருத்தக் கூடுதலாக வேண்டும்.

இதைவிட மலிவான வழி அலுமாரியிலேயே இருக்கிறது. அம்மாவின் பழைய பருத்திச் சேலை 5½ மீற்றர். சுருங்க வேண்டிய அளவு ஏற்கெனவே சுருங்கியிருக்கும் என்பதால் மூன்று துண்டுக்கு 210 அங்குலம், அதாவது 5.33 மீற்றர் போதும்; ஒரே சேலையில் ஒரு யன்னல் முடியும். கரை இரண்டும் நெடுகிலும் நிமிர்ந்து வரும், அழகாகவே இருக்கும். வெயில் நேரே படும் யன்னல் என்றால் பின்னால் ஒரு வெள்ளைத் துணி வைத்துத் தையுங்கள். பழந்துணி வெயிலில் சீக்கிரம் இற்றுவிடும். 14 நம்பர் ஊசி, தையல் நீளம் 2.5 மில்லிமீற்றர். தையல் சுருங்கினால் மேல் நூல் இறுக்கம் கூட, அல்லது ஊசி மழுங்கிவிட்டது. கம்பி இரும்பாக இருக்கக் கூடாது, துருக்கறை துணியில் ஏறினால் போகாது. அலுமினியமோ மரமோ பாருங்கள்.

ஓலை வேலை

பனையோலை வகுப்புக்குப் போகிறவர் கடகம் இழைக்கும் ஆசையோடு தொடங்க வேண்டாம். புதியவருக்குப் பொத்துவதும் விளிம்பு கட்டுவதும் நாள் கணக்கில் இழுக்கும்; கடகத்தைச் சந்தையில் வாங்கி, மூலையில் வைத்துத் துணிமணி போடுங்கள். தடுக்கு, சிறு பெட்டி, விளக்கு மூடி மூன்றும் பழகினால் ஓர் அறைக்குப் போதும்.

காய்ந்த ஓலை இழைக்கும்போது வெடிக்கும். வார்ந்த ஓலையைப் பத்துப் பதினைந்து நிமிடம் தண்ணீரில் போட்டு, எடுத்து ஈரத்துணியில் சுற்றி வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக உருவுங்கள். அதிகம் ஊறினாலும் கேடுதான்: இழைத்த பிறகு காயும்போது ஓலை ஒடுங்கி இடைவெளி விழும். சாயம் போட்ட ஓலையை, அலசும் தண்ணீர் தெளியும்வரை அலசாவிட்டால் புதுச் சுவரில் சிவப்பு இறங்கும். விளக்கு மூடிக்குள் 7 வோற்றுக்கு மேற்படாத எல்.ஈ.டி. பல்ப் மட்டும், ஓலைக்கும் பல்புக்கும் நான்கு விரற்கடை இடைவெளி வேண்டும். பழைய குண்டு பல்ப் போட்டால் தீப்பிடிக்கும்.

சிப்பி சோகி வைத்து அலங்கரிக்க விரும்புவோர், கரையில் ஒதுங்கிய வெற்றுச் சிப்பியை மட்டும் பொறுக்கி, இரண்டு நாள் நல்ல தண்ணீரில் மாற்றி மாற்றி ஊறவைத்துக் காயவிடுங்கள். உப்பு இருந்தால் பசை பிடிக்காது. பவளப்பாறைத் துண்டுகளை எடுப்பது சட்டப்படி குற்றம். நிலாவெளிக்கு எதிரே கடலில் இருக்கும் புறாமலைத் தீவோ தேசிய பூங்கா, அங்கிருந்து சிப்பியும் எடுக்கக் கூடாது.

மழை தொடங்கினால் ஓலைச் சாமான்களைச் சுவரோடு ஒட்ட விடாமல், பின்னால் இரண்டு சிறு கட்டை வைத்துக் காற்றோட்டம் கொடுங்கள். பூஞ்சணம் பிடித்தால் வினாகிரி தொட்ட துணியால் துடைத்து, வெயில் வரும் நாளில் இரண்டு மணித்தியாலம் முற்றத்தில் வையுங்கள். தொங்கவிடும் கொளுக்கி பித்தளையா துருப்பிடிக்காத உருக்கா என்று வாங்கும்போதே காந்தம் வைத்துப் பார்ப்பவர்கள் உண்டு. துருப்பிடிக்காத உருக்கிலும் சில வகை காந்தத்தில் ஒட்டும், ஆகவே அதை மட்டும் நம்பாமல் கடைக்காரரிடம் வாய்விட்டே கேளுங்கள்.