போரில் இறந்த கொள்ளுத்தாத்தாவைத் தேடுகிறீர்களா?

பெங்களூர் அல்சூர் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றில் மெட்ராஸ் சாப்பர்ஸில் (ராணுவப் பொறியாளர் படை) இருந்த தாத்தா ஒருவர் இருப்பார். உலகப்போரில் இறந்தவர் என்றால், காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையதளத்தில் இலவசமாகத் தேடலாம். ஒரே ஸ்பெல்லிங்கில் தேடிவிட்டு விட்டுவிடாதீர்கள். முனுசாமி அங்கே முனிசாமியாகவோ முனுஸ்வாமியாகவோ இருக்கலாம். பெயர் ஒத்துப்போவது மட்டும் போதாது. பல பதிவுகளில் அப்பா பெயர், சொந்த ஊர் இருக்கும், அதையும் பாருங்கள்.

ராணுவம் வீரருக்குக் கொடுத்த சர்வீஸ் நம்பர்தான் உறுதியான பிடி. வீட்டில் பழைய பதக்கம் இருந்தால் அதன் விளிம்பை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள், எண்ணும் பெயரும் பெரும்பாலும் பொறித்திருக்கும். தயவுசெய்து பாலிஷ் போட்டுத் தேய்க்காதீர்கள், எழுத்து மழுங்கிவிடும்.

பர்மாவில் இறந்து கல்லறை இல்லாதவர்களா? ரங்கூனுக்கு அருகே தௌக்கியானில் உள்ள ரங்கூன் நினைவுச்சின்னத்தில் கிட்டத்தட்ட 27,000 பெயர்கள் உள்ளன. அவையும் அதே தளத்தில் கிடைக்கும்.