மலையக ஈரத்தில் தொலைநோக்கியைப் பாதுகாப்பது எப்படி? புதியவர்களுக்கான செய்முறை

மலையகத்தில் தொலைநோக்கி வாங்கியவர்கள் முதலில் பயப்பட வேண்டியது ஈரத்துக்குத்தான். லென்ஸில் கொஞ்சம் தூசி படிந்தாலும் நிலவின் பள்ளங்களும் வியாழனின் துணைக்கோள்களும் தெரியவே செய்யும். பூஞ்சணம் பிடித்தால் நிலைமை வேறு. அது சுரக்கும் அமிலம் லென்ஸின் மேற்பூச்சை அரித்து, சில வேளை கண்ணாடியிலேயே தழும்பு போட்டுவிடும். ஹட்டன், தலவாக்கலை, நுவரெலியாப் பக்கம் மழை மாதங்களில் அலுமாரிக்குள் இருக்கும் தோல் செருப்பே பூத்துப்போகிறது. லென்ஸ் மட்டும் எப்படித் தப்பும்? கீழே வரும் எல்லாப் படிகளுக்கும் அடிப்படை ஒன்றே: உலராமல் மூடாதீர்கள்.

1. முற்றத்தில்: பனியைத் தடுத்தல்

மேகமில்லாத இரவில் லென்ஸ் தன் வெப்பத்தை வானத்துக்கு இழந்து, சுற்றியுள்ள காற்றைவிடக் குளிர்ந்துவிடும். உடனே காற்றிலுள்ள ஈரம் அதன்மேல் படியும். இதைத் தடுக்கக் கறுப்பு ஃபோம் ஷீட்டைச் சுருட்டிக் குழாயின் வாயில் மாட்டுங்கள். லென்ஸின் விட்டத்தைப்போல ஒன்றரை முதல் இரண்டு மடங்கு வெளியே நீண்டிருந்தால் சரி. 80 மில்லிமீட்டர் லென்ஸுக்கு 12 முதல் 16 சென்டிமீட்டர். அப்படியும் பனி படிந்தால் துணியால் துடைக்க வேண்டாம். முடி உலர்த்தும் கருவியை மிகக் குறைந்த சூட்டில் வைத்துத் தள்ளிப் பிடித்தால் போதும்.

2. வீட்டுக்குள் கொண்டுவந்ததும்: திறந்தே வையுங்கள்

ஆர்வமாக வாங்கிய பல தொலைநோக்கிகள் பழுதாவது இந்த இடத்தில்தான். நள்ளிரவு தாண்டிவிடும், குளிரும், தூக்கமும் வரும். மூடிகளைப் போட்டுப் பையில் திணித்துவிட்டுப் படுத்துவிடுவோம். குழாய்க்குள் அடைபட்ட ஈரம் இருட்டிலும் அசையாத காற்றிலும் பூஞ்சணத்துக்குத் தோதாகிவிடும்.

அதனால் முன்னறையில் ஒரு மேசைமேல் குழாயைக் கிடையாக வையுங்கள். முன்மூடி, பின்மூடி இரண்டையும் கழற்றுங்கள். ஐபீஸை (கண் வைத்துப் பார்க்கும் சிறு லென்ஸ் குழலை) வெளியே எடுத்துத் தனியாக வையுங்கள். தூசிக்கும் பல்லிக்கும் காவலாக மெல்லிய பருத்தித் துணியைத் தளர்வாகப் போர்த்தினால் போதும். குசினிப் பக்கம் மட்டும் வேண்டாம். சோறு வேகும் ஆவியும் விறகடுப்புப் புகையும் கண்ணாடியில் ஒட்டினால் எடுப்பது பெரும்பாடு.

விடியற்காலை மூடுபனி ஜன்னல் வழியே உள்ளே வரும் ஊர்களில் ஜன்னலைச் சாத்தியே வைத்துவிட்டு, வெயில் ஏறிய பிறகு மூடிகளைப் போடுங்கள். அதற்கு முன் டோர்ச்சைச் சரிவாக அடித்துப் பாருங்கள். மங்கல் சிறிது தெரிந்தாலும் இன்னும் காயவில்லை என்று அர்த்தம். பையின் உள்ளே இருக்கும் ஸ்பொஞ்சும் ஈரத்தை உறிஞ்சி வைத்திருக்கும், அதையும் விரித்துக் காயவிடுங்கள். ஆனால் திறந்த தொலைநோக்கியை வெயில் விழும் இடத்தில் ஒருபோதும் வைக்காதீர்கள். சூரிய ஒளி உள்ளே குவிந்தால் தீப்பிடிக்கும். அதன் வழியே சூரியனைப் பார்த்தால் கண் போய்விடும்.

3. சேமிக்கும் பெட்டி

ஐபீஸ்களுக்கு ரப்பர் விளிம்புள்ள, காற்றுப் புகாத பிளாஸ்டிக் பெட்டி ஒன்று வாங்குங்கள். உள்ளே சிலிக்கா ஜெல்லும், ஈரப்பதன் காட்டும் சிறிய டிஜிட்டல் மானியும் வையுங்கள். மானி 40 முதல் 50 சதவீதம் காட்டினால் நல்லது. 60ஐத் தாண்டினால் ஜெல்லைக் காய வைக்கும் நேரம் வந்துவிட்டது. தேயிலைத் தொழிற்சாலையில் வேலை செய்தவர்களுக்கு இது புரியும்: காய்ந்த தூளைத் திறந்து வைத்தால் அது காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்வதைப்போலத்தான் ஜெல்லும் இழுக்கிறது. அரிசி போடும் பழக்கம் வேண்டாம். மாவுத்தூசியும் வண்டும்தான் மிச்சம்.

நீல ஜெல் ஈரம் பிடித்தால் இளஞ்சிவப்பாகும். செம்மஞ்சள் ஜெல் பெரும்பாலும் பச்சையாகும். ஓவனில் சுமார் 120 பாகையில் ஓரிரண்டு மணி நேரம் வைத்தால் பழைய நிறம் திரும்பும். ஓவன் இல்லையென்றால் சமையலுக்கு எடுக்காத பழைய தாச்சியில், மெல்லிய தீயில் கிளறலாம். நீல வகையில் கோபால்ட் இருக்கிறது, அது நச்சு. பிள்ளைகளுக்கு எட்டாமல் வையுங்கள். வாங்கும்போதே செம்மஞ்சளைக் கேட்டு வாங்குவது நல்லது.

பெரிய குழாய் பெட்டிக்குள் அடங்காது. காய்ந்த பிறகு மூடி, உட்சுவர் ஓரமாகத் தட்டில் வையுங்கள். மழை அடிக்கும் வெளிச்சுவரும் சிமெந்துத் தரையும் ஆகாது. தொலைநோக்கியில் பற்றரி இருந்தால் கழற்றிவிடுங்கள்.

4. சுத்தம்: எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது

தூசியை ரப்பர் ஊதியால் ஊதுங்கள், அவ்வளவே. லென்ஸுக்குப் பதிலாக ஆடியால் ஒளியைக் குவிக்கும் ஆடித் தொலைநோக்கியின் அலுமினியப் பூச்சு ஒரு மில்லிமீட்டரில் பத்தாயிரத்தில் ஒரு பங்களவு மட்டுமே. சட்டைத் துணி பட்டாலே கீறும். மிகவும் அழுக்கானால் ஆடியைக் கழற்றி, ஓடும் நீரில் அலசி, பாத்திரம் கழுவும் திரவம் ஒரு துளி விட்ட நீரில் நனைத்த பஞ்சை அழுத்தாமல் இழுத்து, கடைசியில் காய்ச்சி வடித்த நீரை ஊற்றிச் சாய்த்து வையுங்கள். மறுபடி பொருத்தியதும் ஆடிகளை நேர்ப்படுத்த வேண்டியிருக்கும்.

5. உங்கள் பக்கத்து மழை எப்போது?

மலையின் இரு பக்கத்துக்கும் காலம் வேறு. ஹட்டன் பக்கம் தென்மேல் பருவம் மே முதல் செப்டம்பர் வரை அடித்துப் பெய்யும். ஜனவரி முதல் மார்ச் வரை நல்ல வானம் கிடைக்கும். பதுளை, பண்டாரவளைப் பக்கம் ஒக்டோபர் முதல் ஜனவரி வரை பெருமழை. ஜூன், ஜூலையில் காய்ந்திருக்கும். உங்கள் ஊரில் மழை தொடங்குமுன் ஜெல்லைக் காய வைத்துவிடுங்கள்.

மழை மாதங்களில் மாதம் ஒருமுறையாவது, ஈரமில்லாத ஒரு பகலில் எல்லாவற்றையும் திறந்து டோர்ச் அடித்துப் பாருங்கள். சிலந்தி நூல்போல மெல்லிய கிளைகள் தெரிந்தால் அந்த ஐபீஸை உடனே மற்றவற்றிலிருந்து பிரித்து வேறு பெட்டியில் வையுங்கள். மேற்பரப்பில் மட்டும் என்றால் பாமசியில் கிடைக்கும் ஐசோபுரோப்பைல் அல்கஹோலைப் பஞ்சில் சிறிது தொட்டு மெதுவாகத் துடைக்கலாம். லென்ஸ்களுக்கு இடையே புகுந்திருந்தால் நீங்களே பிரிக்காமல், கமரா லென்ஸ் பழுது பார்க்கத் தெரிந்தவரிடம் கொடுங்கள்.