வாட்ஸ்அப்பில் வந்த வெள்ளக் காணொளியைச் சரிபார்ப்பது எப்படி? புதிய நிருபர்களுக்கான செய்முறை

வடகிழக்குப் பருவமழை வலுத்தால் போதும், 2015 டிசம்பர் சென்னை வெள்ளக் காட்சிகள் ‘இன்று காலை எடுத்தது’ என்று மறுபடி சுற்றத் தொடங்கிவிடும். அப்படி ஒரு காணொளி வந்தால் எடுத்தவர் யார், எந்த இடம், எந்த நாள் என்று தனித்தனியாக உறுதிசெய்ய வேண்டும். புதியவர்கள் பெரும்பாலும் சறுக்குவது மூன்றாவதில்தான். இடம் பொருந்தியதும் நாளும் சரியாகத்தான் இருக்கும் என்று நம்பிவிடுகிறார்கள்.

1. எடுத்தவரைத் தேடுங்கள்

காணொளிக்கு மேலே வாட்ஸ்அப்பின் இரட்டை அம்புக்குறி இருந்தால் அது பல கை மாறி வந்திருக்கிறது. அனுப்பியவர் எடுத்தவர் அல்ல. ‘உங்களுக்கு யார் அனுப்பினார்?’ என்று ஒவ்வொருவராகப் பின்னோக்கிப் போங்கள். எடுத்தவர் கிடைத்தால், டாக்குமென்டாக அனுப்பச் சொல்லுங்கள். சாதாரணமாக அனுப்பினால் வாட்ஸ்அப் கோப்பைச் சுருக்கிவிடும். எடுத்த நேரம், இடம் பற்றிய பதிவுகள் போய்விடும்.

2. பழைய காணொளியா?

குரோம் உலாவியில் இன்விட் (InVID) என்ற காணொளி சரிபார்ப்பு நீட்சியை நிறுவி, காணொளியைத் தனித்தனிப் படங்களாகப் பிரித்துத் தரும் கீஃப்ரேம்ஸ் பகுதியில் அதை ஏற்றுங்கள். அது மறுத்தால், நீங்களே நான்கைந்து இடங்களில் நிறுத்தி ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். வெறும் தண்ணீர் தெரியும் படம் உதவாது. கட்டடம், பாலம், பெயர்ப்பலகை தெரிய வேண்டும். மேலே ஒட்டிய எழுத்தையும் சேனல் லோகோவையும் வெட்டிவிட்டு படத்தை வைத்தே தேட உதவும் கூகுள் லென்ஸ், யாண்டெக்ஸ், டின்ஐ (TinEye) மூன்றிலும் தேடுங்கள்.

டின்ஐயில் ‘பழையது முதலில்’ என வரிசைப்படுத்தலாம். அங்கே காட்டும் தேதி அந்தத் தளம் படத்தை முதலில் கண்ட நாள்தான், எடுத்த நாள் அல்ல. எதுவும் சிக்காவிட்டால் காணொளி புதிது என்றும் பொருளில்லை.

3. இடம்

ஒலியை நிறுத்திவிட்டு ஒருமுறை, ஒலியை மட்டும் கேட்டு ஒருமுறை. பேச்சு வழக்கே ஊரைச் சொல்லிவிடும். வண்டி எண் துணைக்குறிப்புதான்: டிஎன் 69 தூத்துக்குடிப் பதிவு, ஆனால் அந்த வண்டி மதுரையிலும் நிற்கும். கடைப் பெயரை கூகுள் மேப்ஸில் தேடி, அதிலேயே தெருவின் படங்களைக் காட்டும் ஸ்ட்ரீட் வியூவில் மாடிப்படி, மின்மாற்றி, கோபுரம் என அசையாத மூன்று அடையாளங்களாவது பொருந்துகிறதா பாருங்கள். ஸ்ட்ரீட் வியூ இல்லாத ஊரென்றால் அந்தக் கடைக்கே போன் போடுங்கள்.

4. நாள்

சென்னை மண்டல வானிலை ஆய்வு மையத்தின் மழை அளவோடு ஒப்பிடுங்கள். அந்தக் கணக்கு காலை 8.30 முதல் மறுநாள் காலை 8.30 வரை. எடுத்துக்காட்டாக, காயல்பட்டினத்தில் பதிவான 95 செ.மீ. மழை, 2023 டிசம்பர் 18 காலை 8.30 மணியோடு முடிந்த 24 மணி நேரத்துக்கானது. அதில் பெரும்பகுதி 17-ஆம் தேதியைச் சேர்ந்தது. இது தெரியாமல் ஒரு நாள் தள்ளி எழுதிவிடுவதுண்டு.

மழை பதிவாகவில்லை என்பதற்காகக் காணொளியைப் பொய் என்றும் தள்ளாதீர்கள். அணை திறந்தால் மழையில்லாத ஊருக்குள்ளும் தண்ணீர் வரும். நீர்த்திறப்பு அறிவிப்பையும் பாருங்கள்.

5. ஆட்களிடம் கேளுங்கள்

மாவட்டக் கட்டுப்பாட்டு அறை எண் 1077. அங்கேயும், அந்தப் பகுதி வி.ஏ.ஓ.விடமும், அதே தெருவில் வசிப்பவரிடமும் கேளுங்கள். ‘வெள்ளமா?’ என்று கேட்டால் ‘ஆமாம்’ என்றுதான் வரும். ‘இப்போது தண்ணீர் எதுவரை நிற்கிறது, எப்போது ஏறியது?’ என்று கேளுங்கள்.

6. பதிந்து வையுங்கள்

இது ஆறாவதாக இருந்தாலும், காணொளி இருக்கும் இணையப் பதிவின் இணைப்பு கைக்கு வந்த உடனே செய்ய வேண்டியது. இணையப் பக்கங்களின் நகலைச் சேமித்து வைக்கும் வேபேக் மெஷின் தளத்தில், ‘சேவ் பேஜ் நவ்’ பகுதியில் அந்த முகவரியை இடுங்கள். ஃபேஸ்புக் பதிவுகள் பல நேரம் அதில் ஏறாது. அப்போது முகவரியும் நேரமும் தெரியும்படி திரையைப் பதிவுசெய்து வையுங்கள். பதிவிட்டவர் நீக்கிவிட்டால் ஆசிரியரிடம் காட்ட உங்களிடம் இருப்பது அது மட்டும்தான்.